மச்சினனின் மூளை ஸ்கேனுக்கு மூன்று முறை போன சென்டர்

இந்த ஸ்கேன் சென்டருக்கு ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை போய் வந்துவிட்டோம். மூன்று முறையும் ஒரே ஆளுக்கு, ஒரே ஸ்கேன்: மூளைக்கு எம்.ஆர்.ஐ., கான்ட்ராஸ்ட் ஊசியோடு. ஆள் என் மனைவியின் தம்பி, வயது 27, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை. எனக்குச் சேலம் அம்மாபேட்டையில் சாயப்பட்டறை. அப்பா காலத்திலிருந்து நூலுக்குச் சாயம் போட்டு நெசவாளர்களுக்குக் கொடுக்கிறோம். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் சாயம் எங்கே ஏறும், எங்கே ஏறாது என்பது முப்பது வருஷமாகப் பார்க்கிற விஷயம். இந்த ஊசியும் ஒருவகையில் சாயம்தான் என்று இங்கே ஸ்கேன் படம் பார்த்துச் சொல்கிற டாக்டர், ரேடியாலஜிஸ்ட் அம்மா சொன்னபோதுதான் எங்களுக்கு நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுத்திருக்கிறேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் பின்னால் வருகிறது.

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில் அவனுக்குச் சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், கூடவே தலைவலி. மலையில் மழையும் பனிமூட்டமுமான நேரம், யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். மூன்று வாரம் இப்படியே ஓடியது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பஸ்ஸில் இறங்கி வந்தவன், கொண்டை ஊசி வளைவு பாதி தாண்டுவதற்குள் மூன்று தடவை வாந்தி. ‘இருபது வளைவு இல்லையா, குடலைப் புரட்டியிருக்கும்’ என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். பிறந்ததிலிருந்து அதே ரோட்டில் ஏறி இறங்குகிறவன் அவன். ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. அதை அன்றைக்கு நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் வைக்கக் கூப்பிட்டபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றான். “மாமா, ரெண்டு கண்ணையும் தெறந்தா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது” என்றான்.

மறுநாள் வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர், “சும்மா பிளெயின் போதும்ங்க, ஊசி போட்டா கிட்னிக்கு ஆகாது, காசும் கூட” என்றார். கிட்னி என்று கேட்டதும் என் மனைவி பயந்துவிட்டாள். சரி என்று ஊசி இல்லாமலே எடுத்தோம். ரிப்போர்ட்டில் நார்மல். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நாள் நிம்மதியாக இருந்தோம். ஐந்தாம் நாள் அவன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினான். தட்டி எழுப்பினால் என் மகள் பெயரைச் சொல்லி அவன் அக்காவைக் கூப்பிட்டான்.

அன்றைக்குப் பார்த்த நரம்பியல் டாக்டர் அவன் தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை, தோளோடு சேர்ந்து எழுந்தது. பழைய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, “இதுல ஒண்ணும் தெரியாது, ஊசி போட்டு எடுத்துட்டு வாங்க, இன்னைக்கே” என்றார். அப்படித்தான் இந்த சென்டருக்கு வந்தோம்.

உள்ளே நுழைந்ததும் இவர்கள் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றி இல்லை. கிரியாட்டினின் பார்த்தாச்சா என்று கேட்டார்கள். ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். பார்க்கவில்லை என்றோம். அங்கேயே ரத்தம் எடுத்து, முடிவு வந்த பிறகுதான் ஆளை உள்ளே விட்டார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் டெக்னீஷியன் தம்பி என் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினார். ஊசியில் இருப்பது காடோலினியம் என்ற உலோகம். தனியாகப் போனால் உடம்புக்கு விஷம், அதனால் ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் அடைத்துத்தான் கொடுக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளில் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் போட்டதில் தோல் கட்டையாக இறுகிப்போகிற ஒரு நோய் வந்தது 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கப்புறம்தான் இந்தச் சோதனையை இவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள், கூண்டு விட்டுப்போகாத மருந்தாகப் பார்த்து வாங்குகிறார்கள். பயம் சும்மா வந்தது இல்லை, ஆனால் அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்று புரிந்தது. என் மனைவி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தது உலோகம். எங்கள் ஊர் வெள்ளிக்குப் பேர் போனது. மச்சினன் இடுப்பில் அவன் அம்மா போட்ட வெள்ளி அரைஞாண், அதில் ஒரு தாயத்து. வெள்ளியைக் காந்தம் இழுக்காது, இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அந்தத் தம்பி கையில் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துவந்து அரைஞாண் மேல் மெதுவாக நகர்த்திக் காட்டினார். சங்கிலி அசையவில்லை. கொக்கி வந்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு ஸ்பிரிங். தாயத்துத் தகட்டிலும் ஒட்டியது. “இது கையில புடிக்கிற காந்தம்ண்ணா. உள்ள இருக்கறது ஒன்றரை டெஸ்லா, பூமியோட காந்தத்தை விட முப்பதாயிரம் மடங்கு” என்றார். வெள்ளி மாதிரி இழுக்கப்படாத உலோகமும் உள்ளே சூடாகலாம், படத்தையும் கெடுக்கும் என்றார். அரைஞாணைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, என் மனைவி கையில் கொடுத்தார். தூக்கிப் போடவில்லை, தட்டில் வைக்கவில்லை. ஒரு தாய் கட்டிய கயிறு அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எடை போட்டார்கள். 50 கிலோ. தீபாவளிக்கு முந்தின மாசம் 58 இருந்தவன். எடையை வைத்துத்தான் ஊசியின் அளவு, அவனுக்குப் பத்து மில்லி. புறங்கையில் கேனுலா போட்டு, உப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, “தம்பி, முடியலைன்னா அமுக்கு, நான் வந்துடுவேன்” என்று இரண்டு தடவை சொல்லி, அமுக்கச் சொல்லியும் பார்த்தார். அரைத் தூக்கத்தில் இருக்கிறவனிடம் அப்படிச் சோதித்துப் பார்த்தது எனக்குப் பிடித்தது. முதலில் ஊசி இல்லாமல் இருபது நிமிஷம், அப்புறம் ஊசி போட்டுவிட்டு மறுபடி பதினைந்து நிமிஷம். கதவு சாத்தியிருந்தாலும் வெளியே சத்தம் கேட்டது. தடதடவென்று ஒரே தாளத்தில், நடுவில் நின்று, வேறு தாளத்தில். பின்னாளில் கொஞ்சம் தெளிந்த பிறகு அவனே சொன்னான்: “உங்க தெருவுல பவர்லூம் பக்கத்துல படுத்த மாதிரி இருந்துச்சு மாமா.”

படம் வந்ததும் ரேடியாலஜிஸ்ட் அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். இதுதான் நான் இந்த இடத்தை எல்லோருக்கும் சொல்வதற்கு முதல் காரணம். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் ஊசிக்கு முன்னால், வலது பக்கம் ஊசிக்குப் பின்னால். ஒரே தலை, ஒரே வெட்டு. இடது படத்தில் மூளையின் அடிப்பகுதி சாம்பல் நிறத்தில் சாதாரணமாகத்தான் இருந்தது, முதல் இடத்தில் நார்மல் என்றது இதைப் பார்த்துத்தான். வலது படத்தில் அதே இடத்தில் அடிப்பக்கம் முழுக்க, மடிப்பு மடிப்பாகச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை.

“நீங்க என்ன தொழில்ங்க?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும்” என்று ஆரம்பித்தார்.

உடம்பில் மற்ற இடங்களில் ரத்தக் குழாயின் சுவரில் சின்னச் சின்ன இடைவெளி இருக்கும், மருந்தோ சத்தோ கசிந்து வெளியே போகும். மூளையில் மட்டும் அந்தச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டிருக்கும். வெளியே இன்னும் இரண்டு வகைச் செல்கள் சுற்றிப் பிடித்திருக்கும். இதற்குத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். காடோலினியம் இந்தத் தடுப்பைத் தாண்டாது. நல்ல மூளையில் குழாய் வழியாக வந்து குழாய் வழியாகவே போய்விடும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி மாதிரி தடுப்பே இல்லாத சில இடங்கள் மட்டும் எல்லோருக்கும் வெளுக்கும். கிருமி வந்து தடுப்பு தளர்ந்தால் ஊசி மருந்து அங்கே கசியும். கசிந்த இடத்துத் தண்ணீரை அது தொட்டதும் அந்த இடம் படத்தில் பளிச்சென்று வெளுக்கும். அதனால் வெள்ளையாகத் தெரிவது கிருமி இல்லை, சுவர் விட்டுப்போன இடம். இந்த ஒரு விஷயத்தை அவர் மூன்று விதமாகச் சொன்னார்.

மூளையின் அடிப்பக்கம் இப்படி வெளுத்தால் நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோய் மூளைக்காய்ச்சல் என்றார். ரிப்போர்ட் எழுதி முடிப்பதற்கு முன்னாலேயே டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே முதுகில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் எடுத்தார்கள், மருந்தும் அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. நீரில் காசநோய்க் கிருமி இருப்பது அப்புறம் உறுதியானது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிகளில் என் மகள் இதைப் பற்றி நிறையப் படித்துச் சொன்னாள். அவள் நர்சிங் மூன்றாம் வருஷம். அதில் ஒன்று என் மனசிலேயே நிற்கிறது. இந்தத் தடுப்பு இருப்பதே சாயத்தால்தான் தெரிய வந்ததாம். ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற டாக்டர் 1885இல் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உடம்பு முழுக்க நிறம் ஏறியது, மூளை மட்டும் வெள்ளையாக நின்றது. மூளைக்குச் சாயம் பிடிக்கும் தன்மை குறைவு என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்டுமான் 1913இல் அதே மாதிரிச் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் விட்டார். இப்போது மூளை நன்றாக நிறம் பிடித்தது, உடம்பு வெள்ளையாக நின்றது. ஆக, குறை மூளையில் இல்லை, நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்குப் பட்டறைதான் ஞாபகம் வந்தது. நூல் சிட்டத்தைத் தொட்டியில் முக்கி எடுத்தால் சில நேரம் ஒரு இடத்தில் சாயம் ஏறியிருக்காது. புதுப் பையன்கள் நூல் சரியில்லை என்பார்கள். அவிழ்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் கட்டு இறுகியிருக்கும். அதே நூலைக் கட்டைத் தளர்த்தி முக்கினால் அதே சாயம் அழகாக ஏறும். எர்லிக் அந்தக் கட்டைப் பார்க்கவில்லை, கோல்டுமான் பார்த்தார். ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியை உலகத்துக்குக் காட்டியபோது, அந்தக் கிருமிக்கு இன்னும் நன்றாகச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்தவரும் இதே எர்லிக்தானாம். என் மச்சினன் தலைக்குள் அந்த இரண்டு சாயமும் சந்தித்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியது.

கிருமி எப்படி அவ்வளவு இறுக்கமான சுவரைத் தாண்டுகிறது என்று ரேடியாலஜிஸ்ட் அம்மாவிடம் இரண்டாவது முறை போனபோது கேட்டேன். கிருமி தனியாகவும் நுழையலாம், நம்மைக் காக்கிற வெள்ளைச் செல்லுக்குள் ஒளிந்துகொண்டும் நுழையலாம் என்றார். முதலில் மூளையிலோ அதன் உறையிலோ ஒரு சின்ன முடிச்சாக உட்கார்ந்திருக்கும், மாதமோ வருஷமோ கழித்து அது மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் உடையும்போதுதான் மூளைக்காய்ச்சல். அர்னால்டு ரிச், மெக்கார்டாக் என்ற இருவர் 1933இல் இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்துச் சொன்ன விஷயம் இது. உடைந்ததும் உடம்பு சண்டைக்குக் கிளம்புகிறது. அந்தச் சண்டையில் சுரக்கிற சில நொதிகள் குழாயைத் தாங்குகிற அடிப்படலத்தையே அரிக்கின்றன. சுவரை இடிப்பதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, நம் உடம்பின் கோபத்துக்கும் அவ்வளவு பங்கு. காசநோய் மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுப்பது அந்தக் கோபத்தை அடக்கத்தான். வியட்நாமில் 545 பேரிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு இல்லாதவர்களில் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள், கொடுத்தவர்களில் 32 பேர். முதல் வாரம் எங்கள் ஆள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தோம். எட்டாம் நாள் காலை ரசம் சாதம் கேட்டான். அவன் அக்கா வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டாவது ஸ்கேன் மூன்று மாசம் கழித்து, தை மாசத்தில். ஆள் தேறியிருந்தான், எடை 55, பார்வை ஒன்றாகிவிட்டது. சும்மா ஒரு சோதனை என்று போனோம். அடிப்பக்கத்து வெள்ளை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் வலது பக்கம், முன்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில், மோதிரம் மாதிரி ஒரு சின்ன வளையம். எனக்குக் கை கால் ஓடவில்லை. மருந்து ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டவன்!

இந்த இடத்தில்தான் ஒரே சென்டருக்குத் திரும்ப வந்ததன் பலன் கிடைத்தது. பழைய படத்தை இவர்கள் அப்படியே வைத்திருந்தார்கள். அதே மெஷின், அதே வெட்டு, ஊசிக்குப் பின் அதே நேர இடைவெளி. அம்மா அரை மணி நேரம் படம் படமாக ஒப்பிட்டுப் பார்த்தார். மருந்து வேலை செய்யும்போதே இப்படி வளையம் புதிதாகத் தோன்றலாம், இருப்பது பெருக்கலாம். செத்த கிருமியின் மிச்சத்தோடு உடம்பு போடுகிற சண்டை அது. இதைப் பார்த்து மருந்து தோற்றுவிட்டது என்று உடனே முடிவு கட்டக் கூடாது என்றார். டாக்டரும் அதையே சொன்னார், ஸ்டீராய்டை மட்டும் மெதுவாகக் குறைக்கும்படி மாற்றினார். வேறு இடத்தில் புதிதாக எடுத்திருந்தால் வளையம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். மற்றது குறைந்திருக்கிறது என்று யார் சொல்லியிருப்பார்கள்?

வளையம் என்றால் எல்லாம் ஒரே வளையமும் இல்லை. நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் வரும் நீர்க்கட்டியை அன்றைக்கு ஒரு பழைய படத்தில், பெயரை மறைத்து, எங்களுக்குக் காட்டினார். புழு உயிரோடு இருக்கும்வரை ஊசி போட்டாலும் அந்தக் கட்டி பெரும்பாலும் வெளுக்காது, சுற்றி வீக்கமும் இருக்காது. அது சாக ஆரம்பிக்கும்போதுதான் உடம்பு விழித்துக்கொள்கிறது, தடுப்பு திறக்கிறது, வளையம் பளிச்சிடுகிறது, வலிப்பும் பல பேருக்கு அப்போதுதான் வருகிறது. எல்லாம் ஆறி சுண்ணாம்பாகிப் போனால் பொதுவாக மறுபடி வெளுக்காது. தடுப்பு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதையே இந்த ஊசி எழுதிக் காட்டுகிறது.

இதை எண்ணிக்கையாகவே அளக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே சில நொடிக்கு ஒரு படமாகத் தொடர்ந்து எடுத்து, மருந்து குழாயைவிட்டு எவ்வளவு வேகத்தில் வெளியே போகிறது என்று கணக்குப் போடுவது. லக்னோவில் இருக்கும் சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்தில், மூளையில் காசநோய்க் கட்டி உள்ளவர்களுக்கு மருந்து ஆரம்பித்ததிலிருந்து திரும்பத் திரும்ப அப்படி எடுத்துக் கசிவு மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஊசியே இல்லாமல், ரத்தத்திலுள்ள தண்ணீருக்கே காந்தத்தால் குறி வைத்து, அது தடுப்பைத் தாண்டும் வேகத்தைப் பார்க்கும் முறையும் ஆராய்ச்சியில் வந்திருக்கிறது. இந்த சென்டரில் வழக்கமான ஸ்கேனில் இதெல்லாம் எடுப்பதில்லை. கேட்டேன், இல்லை என்று நேராகச் சொன்னார்கள்.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் மூளை மலேரியா வந்த குழந்தைகளுக்கு எடுத்ததைப் பற்றி மகள் படித்துக் காட்டியது இன்னும் கனமானது. இங்கே இருப்பதில் கால்வாசி வலுகூட இல்லாத, 0.35 டெஸ்லா மெஷின். 168 குழந்தைகள். மலேரியாக் கிருமி மூளைத் திசுவுக்குள் நுழைவதே இல்லை, குழாய்க்குள்ளேயே சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் மூளை வீங்கியது. இறந்த 25 பேரில் 21 பேருக்கு மூளை மிகக் கடுமையாக வீங்கியிருந்தது, பிழைத்தவர்களில் நாலில் ஒருவருக்குச் சற்று மேல்தான் அப்படி. 2015இல் அது வெளியான பிறகுதான் அந்தக் குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள் என்பதற்கு ஒரு பிடி கிடைத்தது. சின்ன மெஷினாக இருந்தாலும் சரியான கேள்வியோடு எடுத்திருக்கிறார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, காத்திருக்கும் கூடம். பன்னிரண்டு நாற்காலிதான். நாங்கள் மூன்று முறையும் நோயாளியை உட்கார வைத்துவிட்டு நின்றோம். கழுத்து நிற்காமல் தூங்கி விழுகிற ஆளுக்குச் சாய்ந்து படுக்க ஒரு கட்டில்கூட அந்தக் கூடத்தில் இல்லை. முதல் தடவை என் மடியில் அவன் தலை, என் முதுகுக்குச் சுவர். இரண்டாவது, உள்ளே குளிர். மெஷினுக்காக ஏ.சி. ஓடித்தான் ஆக வேண்டும், அது புரிகிறது, ஆனால் கேட்டால்தான் கம்பளி தருகிறார்கள். கேட்கத் தெரியாதவர்கள் நடுங்கிக்கொண்டு படுத்திருப்பார்கள், நடுங்கினால் படமும் கெடும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். அந்த அம்மா இருக்கிற நாளில் உட்கார வைத்துச் சொல்கிறார். மூன்றாவது முறை அவர் லீவில் இருந்தார், ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு நீட்டினார்கள், அவ்வளவுதான். என் வீட்டில் நர்சிங் படிக்கிற பெண் இருக்கிறாள். ஏற்காட்டில் எஸ்டேட் லயனிலிருந்து வருகிற குடும்பத்துக்கு யார் இருக்கிறார்கள்? முதல் பக்கத்தில் நாலு வரி தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். இதை அவர்களுடைய புகார்ப் புத்தகத்திலும் எழுதிவிட்டு வந்தேன்.

பணம்: எங்களுக்கு ஊசி இல்லாமல் என்றால் 6,000, ஊசியோடு 8,500 என்றார்கள். கிரியாட்டினினுக்குத் தனி. படத்தைப் பதிந்து தரும் சி.டி.க்குக் காசு வாங்கவில்லை. அந்த 2,500 ரூபாயை மிச்சம் பிடித்து நாங்கள் தொலைத்தது நாலு நாள். காசநோய் மூளைக்காய்ச்சலில் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு, பக்கவாதம், மூளையில் நீர் தேங்குவது எல்லாம் அந்த நாட்களில் வரும். முதல் இடத்தில் படம் எடுத்தவர்கள் தப்பாக எடுக்கவில்லை, ஊசி இல்லாத படத்தில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு ஊசி வேண்டாம் என்று சொன்னதுதான் தப்பு. அதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும். மூன்று வாரமாகக் காய்ச்சலும் தலைவலியும் இருக்கிற ஆளுக்குக் கான்ட்ராஸ்ட் என்று டாக்டர் எழுதியிருந்தால், தயவுசெய்து அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கையில் காசு இல்லாவிட்டால் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கேளுங்கள், காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். காசநோய் மருந்து அரசாங்கத்தில் இலவசம், சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வருகிறது. இவனுக்கு வந்தது.

மூன்றாவது ஸ்கேன் ஆவணி மாசம். அடிப்பக்கம் சாம்பலாகவே நின்றது, ஊசிக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தேட வேண்டியிருந்தது. வளையம் மிளகளவுக்குச் சுருங்கியிருந்தது. தடுப்பு மூடுகிறது என்றால் மருந்து எப்படி உள்ளே போகும் என்று எனக்கு ஒரு பயம், டாக்டரிடம் கேட்டேன். காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசின் எப்போதுமே உள்ளே குறைவாகத்தான் போகும், ஐசோநியாசிட் தடுப்பு மூடியிருந்தாலும் நன்றாகப் போகும், அதனால் ஒரு வருஷம் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். இன்னும் இரண்டு மாசம் பாக்கி இருக்கிறது. எஸ்டேட்டில் இப்போதைக்குக் கணக்கு எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள், மரம் ஏற வேண்டாம் என்று.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்கு நேரம் கேட்டு வாங்குங்கள், அப்போது கூட்டம் இல்லை. கிரியாட்டினின் முடிவைக் கையில் எடுத்துப் போங்கள், ஒரு மணி நேரம் மிச்சம். அரைஞாண், மெட்டி, கொலுசு, ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. முன்னால் வேறு எங்கேயாவது எடுத்திருந்தால் அந்த சி.டி.யையும் கொடுங்கள், பார்க்கிறார்கள். ரேடியாலஜிஸ்ட் அம்மா இருக்கிற நாளா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.